விமானம் வீட்டின் மேல் விழுந்தால் பணம் எங்கிருந்து வரும்?

கேள்வி: கலிஃபோர்னியாவின் செரிட்டோஸில், கார்மெனிடா சாலைக்குப் பக்கத்தில் வீடு வாங்கி மூன்று வருடம் ஆகிறது. 1986-ல் இங்கே இரண்டு விமானங்கள் மோதி வீடுகள் மேல் விழுந்ததாகப் பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னதிலிருந்து மனசு சரியில்லை. எங்கள் வீடு 1,600 சதுர அடி. இன்ஷூரன்ஸில் கட்டடத்துக்கு 4,20,000 டாலர் போட்டிருக்கிறது. இன்று புதிதாகக் கட்ட சதுர அடிக்கு 400 டாலர் ஆகும் என்கிறார் தெரிந்த கான்ட்ராக்டர். விமானம் விழுந்தால் விமானக் கம்பெனியே எல்லாம் தந்துவிடுமா? தனி பாலிசி எடுக்க வேண்டுமா?
— செரிட்டோஸ் வாசகி

பதில்: தனி பாலிசி வேண்டாம். நீங்கள் வைத்திருக்கும் எச்.ஓ.-3 என்ற வழக்கமான சொந்த வீட்டு பாலிசியிலேயே விமானம் விழுவது அடங்கும். வாடகை வீட்டுக்காரர்கள் எடுக்கும் பாலிசியிலும் அது பட்டியலில் இருக்கும். உங்கள் சிக்கல் அந்த 4,20,000-ல்தான் இருக்கிறது. விமானக் கம்பெனியை ஏன் நம்பக்கூடாது என்பதற்கு உங்கள் ஊர் விபத்தே போதும்.

1986 ஆகஸ்ட் 31, ஞாயிற்றுக்கிழமை. டிஹுவானாவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்கு இறங்கிக்கொண்டிருந்த ஏரோமெக்ஸிகோ டி.சி.-9 விமானத்தின் வாலில், டாரன்ஸிலிருந்து கிளம்பிய சிறிய பைப்பர் விமானம் சுமார் 6,500 அடி உயரத்தில் மோதியது. பைப்பர் ஒரு பள்ளி மைதானத்தில் விழுந்தது. டி.சி.-9 வீடுகள் மேல் விழுந்தது. இரண்டு விமானங்களிலும் இருந்த 67 பேரும், தரையில் 15 பேரும் இறந்தார்கள். 5 வீடுகள் அழிந்தன, 7 வீடுகள் சேதமாயின. பொறுப்பு யாருக்கு என்று ஜூரி சொன்னது 1989-ல். அனுமதி இல்லாமல் கட்டுப்பாட்டு வான்பகுதிக்குள் நுழைந்த பைப்பர் விமானிக்குப் பாதி, விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.ஏ.ஏ.வுக்குப் பாதி. ஏரோமெக்ஸிகோ மேல் தவறே இல்லை என்று தீர்ப்பானது. பெரிய கம்பெனி கொடுக்கும் என்று காத்திருந்த குடும்பத்துக்கு இதன் அர்த்தம் என்னவென்று யோசித்துப் பாருங்கள்.

சிறிய விமானத்துக்கு லயபிலிட்டி இன்ஷூரன்ஸ் (பிறருக்கு ஏற்படும் நஷ்டத்துக்கானது) எடுத்தே ஆக வேண்டும் என்று அமெரிக்க மத்திய சட்டம் சொல்லவில்லை. எடுப்பவர்களும் ஒரு விபத்துக்குப் பத்து லட்சம் டாலர் என்ற வரம்போடு நிறுத்திக்கொள்வது சகஜம். இறந்த 82 பேரின் குடும்பங்களும் 12 வீட்டுக்காரர்களும் அதைப் பங்கிட்டால் எதற்குக் காணும்?

அதனால் முதலில் கை கொடுப்பது உங்கள் பாலிசிதான். கணக்கைப் பாருங்கள். 1,600 சதுர அடிக்கு 400 டாலர் வீதம் 6,40,000. கட்டடத் தொகைக்கு மேல் 25 சதவீதம் கூடுதலாகத் தரும் நீட்டிப்பு பாலிசியில் இருந்தாலும் 5,25,000-தான் ஆகிறது. துண்டு விழுவது 1,15,000 டாலர். பழைய வீட்டை முழுதாக மறுபடி கட்டும்போது இன்றைய விதிகளும் சேரும். தீயணைப்பு ஸ்பிரிங்க்ளர் 2011-லிருந்து கலிஃபோர்னியாவில் புது வீடுகளுக்குக் கட்டாயம். இப்படிப் புது விதிகளால் கூடும் செலவைத் தரும் ‘ஆர்டினன்ஸ் ஆர் லா’ பிரிவு உங்கள் பாலிசியில் 10 சதவீதம் என்றால் 42,000 டாலர்தான். வீட்டின் சந்தை விலையை வைத்து முடிவு செய்யாதீர்கள், அதில் பெரும் பங்கு நிலத்தின் விலை. கான்ட்ராக்டர் மதிப்பீட்டை எழுத்தில் வாங்கி ஏஜென்ட்டுக்கு அனுப்பி, கட்டடத் தொகையை 6,40,000-க்கு உயர்த்துங்கள். பிரீமியம் கூடினால், டிடக்டிபிளை (கிளெய்மில் உங்கள் கையிலிருந்து போடும் முதல் தொகை) 1,000-லிருந்து 2,500 ஆக்கி ஈடுகட்டப் பாருங்கள்.

வீடு போனாலும் மார்ட்கேஜ் தவணை நிற்காது. வேறிடத்தில் தங்கும் செலவுக்கான பிரிவு, வழக்கமான செலவுக்கு மேல் ஆகும் கூடுதலை மட்டும் தரும். இன்ஷூரன்ஸ் செக்கில் வங்கியின் பெயரும் இருக்கும். கட்டடம் எழும்ப எழும்பத் தவணையாகத்தான் விடுவார்கள். ஆறு மாத மார்ட்கேஜ் தவணையைக் கையிருப்பாக வைத்திருங்கள். கார் வீட்டு பாலிசியில் வராது, கார் பாலிசியில் காம்ப்ரிஹென்சிவ் (மோதல் அல்லாத சேதத்துக்கான பிரிவு) இருக்க வேண்டும்.

விபத்துக்கு அடுத்த நாட்களில் பலர் தவறுவது ஒரே இடத்தில். எதிர்த்தரப்பு இன்ஷூரன்ஸ்காரர் சிறு தொகைக்கு செக்கும், ‘இனி உரிமை கோர மாட்டேன்’ என்ற தாளும் நீட்டுவார். கையெழுத்துப் போட்டால், உங்கள் கம்பெனி தவறு செய்தவரிடம் பணத்தைத் திரும்ப வாங்கும் வழி அடைபடும். அதையே காரணம் காட்டி உங்கள் கிளெய்மையும் மறுக்கலாம். உங்கள் கம்பெனியைக் கேட்காமல் எதிலும் கையெழுத்து வேண்டாம்.

எஃப்.ஏ.ஏ. மேல் தவறு இருக்கலாம் என்றால் நேராகக் கோர்ட்டுக்குப் போக முடியாது. முதலில் அரசிடம் நஷ்டஈடு கேட்கும் எஸ்.எஃப். 95 படிவம், இரண்டு வருடத்துக்குள். தபாலில் போட்டால் போதாது, அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். தொகையை எண்ணில் எழுத வேண்டும். ‘பின்னர் தெரிவிக்கப்படும்’ என்று எழுதினால் அது கிளெய்மே ஆகாது. எழுதியதற்கு மேல் பிறகு கேட்பதும் மிகக் கடினம், அதனால் குறைத்து எழுதாதீர்கள். எரிபொருள் ஊறிய மண்ணைத் தோண்டி எடுக்கும் செலவையும் சேருங்கள், நிலம் வீட்டு பாலிசியில் அடங்காது. கணவர், மனைவி, பிள்ளை ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் படிவம். பிள்ளை மைனர் என்பதற்காகக் கெடு நீளாது. ஆறு மாதத்தில் பதில் வராவிட்டால் வழக்குப் போடலாம். மறுத்து எழுதினால், அந்தக் கடிதம் அனுப்பப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதம்தான். வக்கீல் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு: வழக்குக்கு முன் முடிந்தால் 20 சதவீதம், வழக்கானால் 25.

கலிஃபோர்னியா சட்டத்தில் உங்களுக்குச் சாதகமான ஒன்று இருக்கிறது. தவறு செய்த இருவரில் ஒருவரிடம் பணம் இல்லாவிட்டால், வீடு, சிகிச்சை, சம்பளம் போன்ற பண நஷ்டம் முழுவதையும் மற்றவரிடமே வாங்கலாம். மன வேதனைக்கான தொகையில் மட்டும் அவரவர் பங்குதான்.

வரியையும் பாருங்கள். உடல் காயத்துக்கு வரும் நஷ்டஈட்டுக்கு மத்திய வருமான வரி இல்லை, அதன் மேல் வரும் வட்டிக்கு உண்டு. சேதம் 10,000 டாலருக்கு மேல் என்றால் சொத்து மதிப்பைக் கணிக்கும் கவுன்ட்டி அசெசரிடம் 12 மாதத்துக்குள் மனுக் கொடுத்து சொத்து வரியைக் குறைக்கலாம்.

இந்த வார இறுதியில் ஒரு வேலை. ஒவ்வொரு அலமாரியையும் திறந்து ஃபோனில் வீடியோ எடுங்கள். ‘பட்டுப்புடவை 20’ என்று எழுதினால் சேதத்தை மதிப்பிடும் இன்ஷூரன்ஸ் அட்ஜஸ்டர் ஒரு சராசரி விலை போடுவார். ஜரிகை தெரிய முந்தியை விரித்து, பில்லோடு எடுத்த படம் இருந்தால் அந்த விலை நிற்கும். நகையை எடை மெஷினில் வைத்து, கிராம் தெரியும்படி எடுங்கள். பல பாலிசிகளில் நகைக்கு உள்ள 1,500 டாலர் வரம்பு திருட்டுக்கு மட்டும்தான். விமானம் விழுந்து போனால் பொருள்களுக்கான முழு வரம்புக்குள் கேட்கலாம், உங்கள் பாலிசியின் வாசகத்தில் அதைச் சரிபாருங்கள். வீடியோவை ஊரில் இருக்கும் அம்மாவுக்கும் அனுப்பி வையுங்கள்.