நாற்பது குழுக்களில் இருக்கிறேன், ஓர் அழைப்பும் இல்லை: வீட்டுத் தொழிலும் சமூக ஊடகமும் பற்றிய கேள்வி பதில்

பினாங்குத் தீவிலும் பிறை, பட்டர்வொர்த் பக்கமும் 11 ஆண்டுகளாக வீடு விற்பனை, வாடகைத் தொழிலில் இருக்கிறேன். பதிவு பெற்ற முகவர் நிறுவனம் ஒன்றின் கீழ் பணியாற்றும் ஆர்.இ.என். நான், அதாவது வீடு விற்பனை, வாடகையைப் பேசி முடிக்கப் பதிவு பெற்றவர். வாட்ஸ்அப், முகநூல், டிக்டாக் வழியாகத் தொழில் தொடர்புகளை வளர்ப்பது பற்றிக் கேள்விகள் கேட்கச் சொல்லியிருந்தேன். தொழிலில் இருப்பவர்கள் மட்டுமல்லாமல் வீடு தேடுபவர்களும் எழுதியிருக்கிறார்கள்.

அக்கா, ஆர்.இ.என். அட்டை கிடைத்து ஆறு மாதமாகிறது. 40 வாட்ஸ்அப் குழுக்களில் இருக்கிறேன். தினமும் காலையில் இருபது விளம்பரங்களைப் போடுகிறேன். ஓர் அழைப்புகூட வரவில்லை. எங்கே தவறு? (புதிய முகவர், பட்டர்வொர்த்)

தம்பி, அந்த 40 குழுக்களில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் முகவர்கள் மட்டுமே இருப்பார்கள். சந்தைக்கு வந்த எல்லோரும் முருங்கைக்காய்க் கட்டோடு வந்து நின்றால் யார் யாரிடம் வாங்குவது? முகவர் குழுவில் விற்பனைக்கு இருக்கும் வீட்டைவிட, கையில் இருக்கும் வாங்குநரைப் பற்றிப் போடுங்கள். "ஜெலுத்தோங் அல்லது கெலுகோர், மூன்று அறை, 450,000 ரிங்கிட்டுக்குள், மின்தூக்கி நிற்கும் தளம், வங்கிக் கடன் தகுதி பார்த்தாகிவிட்டது" என்று நான்கு வரி எழுதினால் அரை மணி நேரத்தில் பதில் வரும். உங்களை வாங்குநர் உள்ளவராக மற்ற முகவர்கள் நினைவில் வைப்பார்கள்.

முகவர் அல்லாத குழுக்கள் வேறு. குடியிருப்பாளர் குழு, பள்ளிப் பெற்றோர் குழு, கோயில் குழு ஆகியவற்றில் இருபது விளம்பரம் போட்டால் வெளியேற்றிவிடுவார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. மாதம் ஒன்று போதும், அதை முழுதாக எழுதுங்கள். ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டைப் பற்றி நான் இப்படி எழுதினேன்: "இரண்டு மின்தூக்கிகளில் ஒன்றுதான் இப்போது ஓடுகிறது. மாலை ஏழு மணிக்குப் பிறகு கார் நிறுத்த இடம் கிடைப்பது சிரமம். சமையலறைச் சன்னலைத் திறந்தால் கடற்காற்று வரும். குளியலறைக் கூரையில் இருந்த கசிவை உரிமையாளர் சரிசெய்துவிட்டார். ரசீது என்னிடம் இருக்கிறது." அன்று மாலையே மூன்று பேர் அழைத்தார்கள். அவர்களில் ஓர் அம்மா, "மின்தூக்கி ஓடவில்லை என்று எழுதினீர்கள் பாருங்கள், அதனால்தான் அழைத்தேன்" என்றார். அவர் அந்த வீட்டை வாங்கவில்லை. இரண்டு மாதம் கழித்து ஆயர் ஈத்தாமில் வேறொரு வீட்டை என் வழியாக வாங்கினார். பிறகு தம் தங்கையையும் அனுப்பி வைத்தார்.

இன்னொன்று: எந்த விளம்பரமானாலும் நிறுவனத்தின் பெயரும் பதிவு எண்ணும் உங்கள் ஆர்.இ.என். எண்ணும் அதில் இருக்க வேண்டும். உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாத வீட்டை விளம்பரம் செய்யவே கூடாது. வேறொரு முகவரின் படத்தை வெட்டி எடுத்துத் தன் எண்ணை ஒட்டிப் போடுபவர்களைத் தினமும் பார்க்கிறேன். அப்படிச் சம்பாதிக்கும் பெயரைத் துடைப்பது மிகக் கடினம்.

வேறு நிறுவனத்து முகவரோடு சேர்ந்து விற்கும்போது தரகுப் பணத்தில் ஏமாறாமல் இருப்பது எப்படி? முகநூலில் பழக்கமானவர், நேரில் பார்த்ததில்லை. (புக்கிட் மெர்தாஜாம்)

இதில் நானே அடிபட்டிருக்கிறேன். தொழிலுக்கு வந்த இரண்டாம் ஆண்டு, இணையத்தில் அறிமுகமான ஒருவரிடம் என் வாங்குநரை நம்பி அழைத்துப் போனேன். "பாதிப் பாதி, கவலைப்படாதீர்கள்" என்று தொலைபேசியில் சொன்னார். வீடு விற்றது. என் பங்கு வரவில்லை. கேட்டபோது, "உங்கள் வாங்குநர் எனக்கு முன்பே தெரிந்தவர்" என்றார். எழுத்தில் ஒரு வரிகூட என்னிடம் இல்லை.

அன்றிலிருந்து, வீட்டைக் காட்டும் நாளுக்கு முன்பே இரு நிறுவனங்களும் கையொப்பமிட்ட கூட்டுமுகவர் படிவம் இல்லாமல் நான் கிளம்புவதில்லை. வாங்குநரின் பெயர், வீட்டு முகவரி, பங்கு விகிதம், பணம் எப்போது வரும் என்பது நான்கும் அதில் இருக்க வேண்டும். விற்பனைத் தரகு சட்டப்படி அதிகபட்சம் 3 விழுக்காடு. 400,000 ரிங்கிட் வீட்டுக்கு 12,000. பாதியாகப் பிரித்தால் ஆளுக்கு 6,000, அதிலும் நிறுவனத்தின் பங்கு போகும். இவ்வளவு உழைப்பு அடங்கிய தொகையை ஒரு தொலைபேசி உரையாடலில் விடாதீர்கள். அவருடைய ஆர்.இ.என். எண்ணையும், முகவர்களைப் பதிவு செய்யும் வாரியத்தின் இணையத்தளத்தில் முதலிலேயே சரிபாருங்கள்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. பழைய மாணவர்கள் குழுவில் வீட்டு விளம்பரங்களைப் பகிர்கிறேன். வீடு விற்றால் ஒரு முகவர் எனக்கு ஆயிரம் ரிங்கிட் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

வேண்டாம் டீச்சர். இத்தொழிலை நெறிப்படுத்துவது மலேசியாவின் 1981-ஆம் ஆண்டின் 242-ஆவது சட்டம். பதிவில்லாமல் முகவர் வேலை செய்தால் 300,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்று ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்க அதில் இடமுண்டு. பதிவில்லாதவருக்குத் தரகில் பங்கு கொடுக்கும் முகவரும் சிக்கலில் மாட்டுவார். தெரிந்த பிள்ளைக்கு நல்ல முகவரின் எண்ணைக் கொடுப்பதில் தவறே இல்லை; அதற்குக் கூலி வாங்குவதில்தான் சிக்கல். உங்களுக்கு இத்தொழிலில் உண்மையிலேயே ஆர்வம் இருந்தால், ஒரு பதிவு பெற்ற நிறுவனத்தில் சேர்ந்து, இரண்டு நாள் சான்றிதழ்ப் பயிற்சியை முடித்து, அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பது ஆண்டு மாணவர்களைக் கையில் வைத்திருக்கும் உங்களைப் போன்றவர்கள் இத்தொழிலுக்கு வர வேண்டும் என்பது என் ஆசை.

குழுக்களில் இருக்கும் எண்களை எல்லாம் சேமித்து ஒரே நேரத்தில் செய்தி அனுப்பலாமா?

அனுப்பினாலும் போய்ச் சேராது. வாட்ஸ்அப் ஒலிபரப்புப் பட்டியலில் 256 பேர்தான் இருக்க முடியும். அதிலும் உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்திருப்பவருக்கு மட்டுமே செய்தி கிடைக்கும். அதைவிடப் பெரிய காரணம், 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். கோயில் அன்னதானக் குழுவில் சேர்வதற்காக ஒருவர் கொடுத்த எண், வீடு விற்பதற்காக அவர் கொடுத்த எண் அல்ல.

படங்களிலும் இதே கவனம் வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் சுங்கை ஆராவில் ஒரு வீட்டின் வரவேற்பறையைப் படமெடுத்து முகநூலில் போட்டேன். இரவில் உரிமையாளர் அழைத்தார். சுவரில் மகளின் பரிசுச் சான்றிதழ் மாட்டியிருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் பிள்ளையின் பெயரும் பள்ளியின் பெயரும் தெரிந்தன. அந்தத் தகப்பனாரின் குரலில் இருந்த பதற்றத்தை நான் மறக்கவில்லை. இப்போதெல்லாம் படமெடுக்குமுன் சுவர், குளிர்சாதனப் பெட்டிக் கதவு, மேசையில் கிடக்கும் கடிதங்கள், பூஜை அறைப் படங்கள் என ஒவ்வொன்றாகப் பார்த்து, உரிமையாளரிடம் கேட்டு எடுத்து வைக்கச் சொல்கிறேன்.

டிக்டாக்கில் தமிழில் பேசினால் வாடிக்கையாளர் குறைந்துவிடுவார்களா?

குறைய மாட்டார்கள். மலாயிலும் ஆங்கிலத்திலும் பேசுபவர்கள் ஏராளம். குத்தகை நிலத்துக்கும் நிரந்தர உரிமை நிலத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழில் ஒரு நிமிடத்தில் சொல்லுங்கள். முதல் வீடு வாங்கப்போகும் பிள்ளை அதைத் தன் அம்மாவுக்கு அனுப்பும். வீடு வாங்கும் முடிவில் அம்மாவின் சொல்லுக்குப் பெரிய இடம் உண்டு.

லிங்க்ட்இன் நமக்குப் பயன்படுமா?

பினாங்கில் மிகவும் பயன்படும். பாயான் லெப்பாஸில் 1972-இல் தொடங்கிய தொழிற்பேட்டைக்கு இன்றும் வெளியூரிலிருந்து பொறியாளர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களும் உண்டு. 2014-இல் இரண்டாம் பாலம் திறந்த பிறகு பத்து காவான் பக்கமும் அப்படித்தான். அவர்களிடம் வீட்டைக் காட்டுவதற்கு முன், தொழிற்சாலைக்குப் போகும் வழி, காலை நெரிசல், மரக்கறி கிடைக்கும் கடை பற்றி எழுதுங்கள். என் வாடகைதாரர்களில் பலர் அப்படி வந்தவர்கள்.

வாடகை வீடு தேடுகிறோம். விளம்பரத்திலேயே இந்தியர்களுக்கு இல்லை என்று எழுதுகிறார்கள். சில முகவர்கள் என் பெயரைக் கேட்டதும் பதில் அனுப்புவதை நிறுத்திவிடுகிறார்கள். நீங்கள் அப்படிப்பட்ட விளம்பரத்தைப் பகிர்வீர்களா? (இளம் தம்பதி, ஜார்ஜ்டவுன்)

பகிர மாட்டேன். அந்த வரியோடு ஒரு விளம்பரம் என் குழுக்களுக்கு வந்தால், அனுப்பியவரைத் தனியாக அழைத்து எடுக்கச் சொல்கிறேன். என்னிடம் நேராக வரும் உரிமையாளரிடம், எதற்கு அஞ்சுகிறீர்கள் என்று கேட்கிறேன். வாடகை தாமதமாகுமோ, வீடு பழுதாகுமோ என்ற அச்சம்தான் பெரும்பாலும் வெளியே வரும். அவை எந்த இனத்தவரிடமும் நடக்கக்கூடியவை. இரண்டு மாத முன்பணமும் முத்திரையிட்ட ஒப்பந்தமும் அதற்காகத்தானே இருக்கின்றன? சிலர் மனம் மாறுகிறார்கள். மாறாதவரின் வீட்டை நான் எடுப்பதில்லை.

நீங்கள் ஒரு பக்கத்தில் விவரம் தயார்செய்து வைத்திருங்கள்: வேலை, மூன்று மாதச் சம்பளச் சீட்டு, முந்தைய வீட்டு உரிமையாளர் தரும் இரண்டு வரிச் சான்று. மற்றவர்களிடம் கேட்காததை உங்களிடம் கேட்பது அநியாயம் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். இந்த மாதம் உங்களுக்கு ஒரு கூரை வேண்டும். என் செய்திப் பெட்டிக்கு உங்கள் தேவையை அனுப்புங்கள், பார்ப்போம்.

முகநூலில் தஞ்சோங் தொக்கோங்கில் ஒரு வீடு, மாதம் 900 ரிங்கிட். வேறு ஆளும் கேட்பதாகவும், நாளைக்குள் 1,500 அனுப்பினால் வீடு எனக்கு உறுதி என்றும் முகவர் சொல்கிறார். கணக்கு தனிநபர் பெயரில் இருக்கிறது.

அனுப்பாதீர்கள். முன்பணம் நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்குக்குத்தான் போக வேண்டும், ஆர்.இ.என். தம் சொந்தக் கணக்கில் வாங்கக் கூடாது. அவருடைய அட்டையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, அந்த எண்ணை வாரியத்தின் தளத்தில் நீங்களே தட்டிப் பாருங்கள். கணக்கு எண்ணை, மோசடிப் புகார் உள்ள கணக்கா என்று பார்க்க உதவும் போலீசாரின் 'செமாக் மியூல்' தளத்தில் தேடுங்கள். வீட்டுக்குள் நுழைந்து பார்க்காமல் ஒரு காசும் வேண்டாம். உங்கள் செய்தி நேற்று இரவு வந்தது. இதற்குள் அனுப்பிவிட்டீர்கள் என்றால், இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு இப்போதே இணைய மோசடிப் புகார் எண்ணான 997-க்கு அழையுங்கள், அடுத்து உங்கள் வங்கிக்கு.