இடைவேளைக்கு அப்புறம்: வாசகர் கேள்விகளும் ஒரு ரசிகனின் பதில்களும்

வெப்சீரிஸ் என்றாலே ஒரு பெண் சாக வேண்டும், இல்லாவிட்டால் காணாமல் போக வேண்டும் என்று ஏதாவது சட்டம் இருக்கிறதா? உங்களுக்கு அலுக்கவில்லையா?
— வாசகி, பொள்ளாச்சி

அலுத்து நாளாகிவிட்டது. பிணத்தை நடுவில் போட்டுக்கொண்டு எட்டு எபிசோடுக்குக் கண்ணாமூச்சி ஆடுகிறார்களே, அதுதான் தாங்க முடியவில்லை. ஒவ்வொரு எபிசோடு முடியும்போதும் நாம் அடுத்ததைப் போட்டாக வேண்டும், அதற்காக இவன் இல்லை அவன், அவனும் இல்லை மூலையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவன் என்று சந்தேகத்தை ஆள் மாற்றிக்கொண்டே போகிறார்கள். ஆண்ட்ரூ லூயிஸின் 'வதந்தி'யில் (2022) இதற்காவது ஒரு நியாயம் இருந்தது. செத்துப்போன வெலோனியைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள், அந்தப் பேச்சே அவளைத் திரும்பத் திரும்பக் கொல்கிறது, அதைத் துரத்திக்கொண்டு போகும் எஸ்.ஜே. சூர்யாவின் போலீஸ்காரர் வீட்டையே மறந்துவிடுகிறார். நல்ல கரு. ஆனாலும் பாதிக்கு மேல் நான் போனை நோண்ட ஆரம்பித்துவிட்டேன், பொய் சொல்ல மாட்டேன்.

'சுழல்' முதல் சீசனில் மயானக் கொள்ளைத் திருவிழா கதையோடு ஒட்டி வந்தது, வேஷம் கட்டிய முகங்களுக்கு நடுவே யார் முகம் நிஜம் என்று நாமும் தேடினோம். 2025இல் வந்த இரண்டாவது சீசனில் வரிசையாகப் பெண்கள் வெவ்வேறு ஸ்டேஷன்களில் போய் "நான்தான் கொன்றேன்" என்று நிற்கும் தொடக்கம் பிரமாதம், நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்புறம் அஷ்டகாளி விழா கலரும் மேளமுமாக வந்துபோனது, அவ்வளவுதான்.

இதே நேரத்தில் நெட்ஃப்ளிக்ஸில் 'அடோலசன்ஸ்' என்ற இங்கிலாந்துத் தொடர் வந்தது, மொத்தமே 4 எபிசோடு. வகுப்புத் தோழியைக் கொன்றதாக 13 வயதுப் பையனை விடியற்காலையில் வீடு புகுந்து பிடித்துக்கொண்டு போகிறார்கள். நம் ஊர் ஆட்களாக இருந்தால் எட்டாவது எபிசோடு வரை பொத்தி வைத்திருப்பார்கள். இவர்கள் முதல் எபிசோடு முடிவதற்குள் சிசிடிவி காட்சியை அப்பாவுக்கு முன்னால் போட்டுக் காட்டிவிடுகிறார்கள்: ஆமாம், இவன்தான். போச்சா? மிச்ச மூன்று எபிசோடும் ஏன் செய்தான் என்பதுதான். ஒவ்வொரு எபிசோடும் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட் என்று எல்லாரும் அதையே பேசினார்கள், எனக்கு அது பத்து நிமிடத்தில் மறந்துபோனது. மூன்றாவது எபிசோடில் ஓர் அறை, ஒரு மேசை, ஒரு உளவியலாளர், அந்தப் பையன், பாதி சாண்ட்விச். இவ்வளவுதான் சாமான். பையன் சிரிக்கிறான், கெஞ்சுகிறான், சட்டென்று குரல் உயர்த்தி எழுந்து நிற்கிறான், வளர்ந்த மனுஷி நடுங்குகிறாள், பார்க்கிற நமக்கும் வயிற்றைப் பிசைகிறது. அந்தப் பையன் ஓவன் கூப்பருக்கு அதுதான் முதல் நடிப்பு, 15 வயதில் எம்மி வாங்கிவிட்டான்.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. அங்கேயும் செத்த பெண்ணுக்கு இடம் இல்லை. எல்லாரும் பையனைத்தான் நினைவு வைத்திருப்பார்கள், அவளை யாரும் நினைக்க மாட்டார்கள் என்று ஒரு பெண் போலீஸ் அதிகாரி அலுத்துக்கொள்கிறார். தொடரே அதைத்தான் செய்கிறது! வாய்விட்டுச் சொல்லிவிட்டால் கணக்கு நேராகிவிடுமா என்ன?

பிணமே இல்லாமல் தமிழில் ஒன்று வேண்டும் என்றால் 'அயலி' (2023) பாருங்கள். பெண் வயதுக்கு வந்தால் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடும் கிராமம், தான் வயதுக்கு வந்ததை ஊருக்குத் தெரியாமல் மறைத்துப் படிக்கப் போகும் ஒரு பெண். பாவாடையில் கறை தெரிந்துவிடுமோ என்கிற பயத்திலேயே எட்டு எபிசோடும் ஒரே மூச்சில் பார்த்தேன்.

'மகாராஜா'வை எல்லாரும் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள், சீனாவில்கூட ஓடியது. நீங்கள் மட்டும் முகத்தைச் சுளிக்கிறீர்களே?
— வாசகர், திருநெல்வேலி

இன்னும் பார்க்காதவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிவிடவும். 2024லேயே வந்த படம், இதற்கு மேல் ரகசியம் காக்க முடியாது.

இயக்குநர் நித்திலன் கெட்டிக்காரர், ஒத்துக்கொள்கிறேன். குப்பைத்தொட்டியைக் காணோம் என்று ஒருவர் ஸ்டேஷனுக்கு வந்து அடியும் வாங்கிக்கொண்டு நகர மறுப்பதில் தொடங்கி, காலத்தை முன்னும் பின்னுமாகக் கலைத்துப் போட்டு, கடைசியில் எல்லாத் துண்டையும் பொருத்துகிறார். விஜய் சேதுபதி குரலை உயர்த்தாமலேயே படத்தைத் தூக்கிக்கொண்டு போகிறார். என் வருத்தம் வேறு. மகளுக்கு நடந்த கொடுமை படத்தில் ஒரு திருப்பமாக வருகிறது. தியேட்டரில் நம்மை "ஐயோ" சொல்ல வைக்கும் நேரம் பார்த்து, அளந்து, அதைத் திறந்து காட்டுகிறார்கள். அந்தப் பெண் என்ன நினைத்தாள், எப்படி எழுந்தாள் என்பதற்குக் கடைசியில் ஒரே ஒரு காட்சி. அவளுடைய வலியைவிட நேரக்கணக்கு சாமர்த்தியமாக இருந்தது என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்தேன், சொன்ன எனக்கே அது பிடிக்கவில்லை.

அதே ஆண்டு 'லப்பர் பந்து' வந்தது. முதல் அரைமணி நேரத்திலேயே என்ன நடக்கும் என்று பக்கத்து சீட்டுக்காரர் சொல்லிவிட்டார். ஒருவன் தினேஷ் விளையாட்டைக் குறை சொல்கிறான், அந்த ஒருவன் அவர் மகளைக் காதலிக்கிறான், மாமனாரும் மருமகனும் மோதிக்கொள்வார்கள், சேர்வார்கள். அப்படியேதான் நடந்தது. ஆனால் சாதி பார்த்து ஆளை டீமில் சேர்க்காத கிராமத்து கிரிக்கெட்டையும், புருஷன் விளையாடப் போனான் என்று தெரிந்ததும் தினேஷின் மனைவியாக வரும் ஸ்வாசிகா காட்டும் கோபத்தையும் பார்க்க நான் இரண்டாவது தடவையும் போனேன். 'மகாராஜா'வுக்கு இரண்டாவது தடவை போகத் தோன்றவில்லை.

'மெய்யழகன்' இழுவை என்று வெட்டினார்களே, சரியா?
— வாசகர், நீடாமங்கலம்

உங்கள் ஊரில் நடக்கும் கதையை நீடாமங்கலத்துக்காரரே இப்படிக் கேட்கலாமா! 177 நிமிடப் படத்தில் வெளியான சில நாளிலேயே 18 நிமிடத்துக்கு மேல் எடுத்துவிட்டார்கள். பேர் தெரியாத சொந்தக்காரனோடு ராத்திரி முழுக்க உட்கார்ந்து பேசும் படம் அது. இரவு அவசரமாக முடியக் கூடாது. சில பேச்சு நீளம்தான், இயக்குநர் பிரேம்குமார் தனக்குப் பிடித்ததை எல்லாம் கார்த்தி வாயில் வைத்துவிட்டார் என்று எனக்கும் தோன்றியது. ஆனால் 'இந்தியன் 2'க்கும் இதற்கும் ஒரே கத்திரியை எடுக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் எரிச்சல் வருகிறது. அதில் 12 நிமிடம் எடுத்தார்கள், எந்த 12 என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை, எடுக்காமல் விட்டதுதான் தெரிகிறது.

தியேட்டரில் சத்தம் தாங்கவில்லை. எனக்கு வயதாகிவிட்டதா?
— வாசகர், ஈரோடு

உங்களுக்கு வயதாகியிருக்கலாம், ஆனால் காரணம் அது இல்லை. 'கங்குவா' வந்தபோது இளவட்டங்களே காதைப் பொத்தினார்கள், தயாரிப்பாளரே தியேட்டர்காரர்களிடம் ஒலியை இரண்டு புள்ளி குறைக்கச் சொன்னார், ஒலிக்கலவைக்கு ஆஸ்கர் வாங்கிய ரசூல் பூக்குட்டி சத்தத்தில் கலை புதைந்துபோகிறது என்று வருந்தினார். படத்தில் எல்லாரும் எந்நேரமும் கத்திக்கொண்டே இருந்தால் கிளைமாக்ஸில் என்ன செய்வது, இன்னும் கத்துவதுதான். 'கொட்டுக்காளி'யில் வினோத்ராஜ் பின்னணி இசையே வைக்கவில்லை. ஆட்டோ உறுமலும் சேவல் கொக்கரிப்பும்தான். அதில் அன்னா பென் வாயே திறக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நான் பயந்த அளவுக்குக் 'கங்குவா'வின் எந்த முதலையும் பயமுறுத்தவில்லை.

'கூலி' பற்றி ஒரு வரி?
— வாசகர், சேலம்

கல்யாண வீட்டில் வந்த ஸ்டார்களை எல்லாம் வரவேற்றே நேரம் போய்விட்டது. நடிகர் சௌபின் மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

'டூரிஸ்ட் ஃபேமிலி'யில் எங்கட பேச்சு சரியாக வந்ததா? இந்தியாவில் இருக்கிற உங்களுக்கு எப்படிப் பட்டது?
— வாசகி, யாழ்ப்பாணம்

அதை நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும். என் காதுக்கு சிம்ரன் பரவாயில்லை, சசிகுமார் உணர்ச்சிவசப்பட்டால் மதுரைக்கு பஸ் ஏறிவிடுகிறார். ஆனால் அந்தப் பேச்சையே கதையின் முடிச்சாக வைத்தது பிடித்திருந்தது. வாயைத் திறந்தால் எந்த ஊர் என்று தெரிந்துவிடும், தெரிந்தால் போலீஸ் வரும், அதனால் அக்கம்பக்கத்தில் பேசாதே என்று இலங்கையிலிருந்து தப்பி வந்த ஒரு குடும்பத்துக்குச் சொன்னால் எப்படி இருக்கும்! அதைச் சிரிப்பாகவே கொண்டுபோனார் அபிஷன் ஜீவிந்த். ஒரே குறை, காலனியில் எல்லாரும் கடைசியில் நல்லவர்கள் ஆகிவிடுகிறார்கள். அகதி முகாம்களில் முப்பது நாற்பது வருடமாக இருப்பவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த நல்ல மனதை நம்புவது கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. இருந்தும் அழுதேன், அது வேறு விஷயம்.

அம்மா 'எதிர்நீச்சல்' சீரியலை விடவே மாட்டேன் என்கிறார். எப்படி நிறுத்துவது?
— வாசகி, கும்பகோணம்

எதற்கு நிறுத்த வேண்டும்? எட்டு எபிசோடைப் பார்க்க முடியாமல் நான் மேலே புலம்பியிருக்கிறேன், அவர்கள் நூற்றுக்கணக்கான எபிசோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு பார்வையை மூன்று பேர் மூன்று தடவை திரும்பிப் பார்ப்பார்கள், ஒரு கதவு திறக்க இரண்டு நாள் ஆகும், எல்லாம் தெரிந்ததுதான். ஆனால் வீட்டையே மிரட்டி வைத்திருக்கும் ஆதி குணசேகரன் மாதிரி ஓர் ஆளை நம் வீடுகளில் பலர் நேரிலேயே பார்த்திருந்தார்கள், அதனால்தான் அந்த வேஷம் போட்ட மாரிமுத்து எல்லாருக்கும் அப்படிப் பிடித்துப்போனார். 2023 செப்டம்பரில் அவர் இறந்தபோது எங்கள் வீட்டில் அத்தை, "பாவி மனுஷன்" என்று சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தினமும் அவரைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டவர். வேல ராமமூர்த்தி அந்த வேஷத்தில் வந்த முதல் நாள், "இவரும் நல்லாத்தான் முறைக்கிறார்" என்றார் அத்தை. கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா எனக்குப் பயமா இல்ல" என்றார்.