கொள் ஓசையை சவுண்ட் கார்டில் ஏற்றுவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் பள்ளிக் கலைவிழாவுக்காக, மாணவர் ஒருவரின் சித்தப்பா ஊதும் நீலகிரிப் பழங்குடியினரான கோத்தரின் 'கொள்' என்னும் குழலின் ஓசையையும், அதனுடன் முழங்கும் பர், தபட்க் ஆகிய தோல் கருவிகளின் ஓசையையும் கணினியில் ஏற்றி, கணினியோடு இணைத்த மிடி கீபோர்டில் பிள்ளைகளை வாசிக்கச் செய்ய விரும்புகிறேன். பள்ளியில் சவுண்ட் பிளாஸ்டர் லைவ் கார்டு பொருத்திய பழைய கணினி ஒன்று லினக்ஸில் ஓடுகிறது. கொள்ளின் ஒரு சுரத்தை மட்டும் பதிவு செய்து, சவுண்ட்ஃபாண்டாக (கட்டைகளுக்கு ஒதுக்கிய ஓசைப் பதிவுகளின் கோப்பு) மாற்றி ஏற்றிப் பார்த்தேன். மேல்கட்டைகளில் ஓசை கீச்சிடுகிறது. கட்டையை அழுத்திப் பிடித்தால் 'டப் டப்' என்று இடையறாமல் ஒரு சத்தம் வருகிறது. மறுநாள் கணினியைப் போட்டால் ஓசையே இல்லை. எங்கே தவறு, ஐயா?
– இசை ஆசிரியர், கோத்தகிரி

பதில்: கடைசிக் குறையை முதலில் தீர்த்துவிடலாம், ஏனெனில் அது குறையே அன்று. 1998இல் வெளிவந்த லைவ் கார்டில் ஓசைகளை நிலையாக வைத்துக்கொள்ளும் மெமரி கிடையாது. அதன் இஎம்யு10கே1 சில்லு, கணினியின் சொந்த ரேமில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு அதிலிருந்தே ஓசைகளைப் படிக்கிறது. மின்சாரம் நின்றால் ரேமில் உள்ளது போய்விடும் என்பதால், ஒவ்வொரு முறையும் ஏஎஸ்எஃப்எக்ஸ்லோட் (asfxload) கட்டளையால் சவுண்ட்ஃபாண்டைத் திரும்ப ஏற்ற வேண்டும். கணினி தொடங்கும்போதே அக்கட்டளை தானாக ஓடும்படி எழுதி வைத்துவிட்டால் அந்தக் கவலை தீர்ந்தது. கருவி ஓசைகளின் தொகுதியைப் பேங்க் என்பார்கள்; கொள்ளின் ஓசையைப் பேங்க் 0இல் வைக்காமல் பேங்க் 1இல் வையுங்கள். பேங்க் 0 என்பது பியானோ முதலான 128 பொதுக் கருவிகளுக்கு உரிய இடம். அங்கே வைத்தால் அவற்றுள் ஒன்று மறைந்துபோகும்.

இனி மேல்கட்டையின் கீச்சொலிக்கு வருவோம். ஓசைப் பதிவை வாசிக்கும் சாம்பிளர் புதிய சுரத்தை உண்டாக்குவதில்லை. பதிவான ஓசையை வேகமாகவோ மெதுவாகவோ ஓட்டித்தான் சுரத்தை ஏற்றி இறக்குகிறது. ஒரு ஸ்தாயி மேலே போனால் வேகம் இரு மடங்காகும். ஊதுபவரின் குழலில் இயல்பாக உள்ள நடுக்கமும் இரு மடங்கு விரைவாகும். குழலின் உடல் தரும் கனமும் சுரத்தோடு சேர்ந்து மேலேறி, வேறொரு சின்னஞ்சிறு கருவி பாடுவதுபோல் கேட்கும். பியானோ போன்ற கருவிக்கு மூன்று நான்கு கட்டைகளுக்கு ஒரு பதிவு என்று எடுப்பது வழக்கம். கொள்ளுக்கோ அதைவிடச் சிறந்த வழி உண்டு. அதில் எழும் சுரங்கள் சிலவே; ஆகவே ஒவ்வொரு துளையின் சுரத்தையும் தனித்தனியே பதிவு செய்து, ஒன்றுக்கு ஒரு கட்டை என ஒதுக்கிவிடுங்கள். அப்போது எந்த ஓசையையும் நீட்டவோ சுருக்கவோ வேண்டியதில்லை.

இதில் நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. அந்தச் சுரங்களின் இடைவெளிகள் கீபோர்டின் பன்னிரண்டு சம இடைவெளிகளோடு பொருந்தா. பொருந்தவில்லையே என்று சவுண்ட்ஃபாண்டு எடிட்டரில் ஒவ்வொன்றையும் திருத்திச் 'சரி' செய்தால், கொள்ளின் பெயர்தான் மிஞ்சும், கொள் மிஞ்சாது. ஒவ்வொரு பதிவுக்கும் மூலக்கட்டையாக (பதிவு மாற்றமின்றி ஒலிக்கும் கட்டை) அது ஒதுக்கப்பட்ட கட்டையையே கொடுத்து, நுண்சுருதித் திருத்தத்தைச் சுழியிலேயே விட்டுவிட்டால், அவர் ஊதியது ஊதியபடியே ஒலிக்கும்.

'டப் டப்' என்பது லூப்பின் குறை. அழுத்திப் பிடித்த கட்டைக்குச் சுரம் நீண்டுகொண்டே இருக்க, சில்லு பதிவின் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது; அப்பகுதியின் தொடக்கத்திலும் முடிவிலும் அலை ஒரே உயரத்தில், ஒரே திசையில் செல்லாவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தாவல் கேட்கும். அலையை ஒரே ஒரு சுற்றாக வெட்டி லூப் போட்டால் வேறொரு தொல்லை வரும். உங்கள் கார்டு விநாடிக்கு 48,000 சாம்பிள்களில், அதாவது ஓசை அலையின் அளவீடுகளில், இயங்குகிறது. 880 ஹெர்ட்ஸ் சுரத்தின் ஓர் அலை ஏறத்தாழ 54.5 சாம்பிள்கள். பாதிச் சாம்பிளில் வெட்ட முடியாது. 54இல் வெட்டினால் சுரம் 889 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும், 55இல் வெட்டினால் 873க்கு இறங்கிவிடும், இரண்டையும் காது கண்டுகொள்ளும். அதே சுரத்தில் 22 அலைகளைச் சேர்த்து எடுத்தால் சரியாக 1,200 சாம்பிள்கள் வருகின்றன, சுருதி பிசகாது. எனினும் அதுவும் ஒரு விநாடியில் நாற்பதில் ஒரு பங்குதான் என்பதால் ஓசை உயிரற்று ரீங்கரிக்கும். அரை விநாடிக்குக் குறையாத லூப்பே குழலுக்கு அழகு. கொள் ஊதுபவர்கள் வாயால் ஊதிக்கொண்டே மூக்கால் மூச்சை இழுத்து ஓசை அறாமல் நடத்துவார்கள். அப்படி மூச்சு மாறும் கணத்தில் ஓசை சற்று விம்மும். அந்த விம்மலை லூப்புக்குள் விடாமல், இரண்டு மூச்சு மாற்றங்களுக்கு நடுவே உள்ள சீரான பகுதியைத் தேர்ந்தெடுங்கள். பாலிஃபோன் என்னும் இலவச எடிட்டரில் லூப்பைத் தானே தேடித் தரும் வசதி உண்டு; அது காட்டும் இடத்தைக் காதால் சோதித்த பிறகே ஏற்றுக்கொள்ளுங்கள்.

பர், தபட்க் இரண்டுக்கும் லூப் வேண்டாம். மெல்லடி, நடுத்தர அடி, பலத்த அடி என மூன்றையும் பதிவு செய்து, கட்டையை அழுத்தும் விசைக்கு ஏற்ப ஒலிக்கும்படி அடுக்குங்கள். ஒரே அடியைப் பல கட்டைகளில் வைப்பதானால் ஸ்கேல் ட்யூனிங் என்ற அளவை 100இலிருந்து 0ஆக்கிவிட்டால் கட்டைக்குக் கட்டை சுருதி மாறாது. திறந்த அடியையும் அடக்கிய அடியையும் ஒரே எக்ஸ்குளூசிவ் கிளாஸில் சேர்த்தால், அடக்கிய அடி விழுந்தவுடன் முந்தைய முழக்கம் நின்றுவிடும்.

பதிவு செய்யும்போது மலையின் குளிரைக் கணக்கில் கொள்ளுங்கள். உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் குழலின் சுருதி மாறும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியன்று, சுருதியை மாற்றுவது வெப்பநிலையே. 10 டிகிரிக் காலையிலும் 25 டிகிரி நண்பகலிலும் ஒலியின் வேகம் ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டரை வேறுபடுகிறது. கணக்குப்படி அது ஏறத்தாழ அரைச் சுரத்தில் பாதி. ஊதுபவரின் மூச்சு குழலைச் சூடாக்குவதால் நடைமுறையில் அவ்வளவு இராது என்றாலும், முதல் சுரத்தைக் காலையிலும் கடைசிச் சுரத்தை மதியத்திலும் எடுத்தால் ஒன்றோடொன்று இழையாது. அவர் சற்று நேரம் ஊதிய பிறகு எல்லாச் சுரங்களையும் ஒரே அமர்வில் எடுத்துவிடுங்கள். பனியில் தொய்ந்த தோலைத் தீயில் காட்டி ஏற்றிய பிறகே முழவுகளைப் பதிவு செய்யுங்கள். தகரக் கூரையின் கீழ் தூறல்கூட இரைச்சலாகும். மடிக்கணினியில் பதிவு செய்வதானால் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பேட்டரியில் ஓட்டுங்கள். மின் இணைப்பிலிருந்து புகும் 50 ஹெர்ட்ஸ் முனகலைப் பிறகு வடிகட்டினால் ஓசையின் அடிக்கனமும் சேர்ந்து போகும்.

கோத்தர் இசையில் தெய்வத்துக்கு உரிய மெட்டுகள் வேறு, இறப்புச் சடங்குக்கு உரியவை வேறு. நீங்கள் தனிச்சுரங்களைத்தான் எடுக்கிறீர்கள் என்றாலும், விழாவில் பிள்ளைகள் எந்த மெட்டை வாசிக்கலாம் என்பதை அந்தச் சித்தப்பாவிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் முன்கூட்டியே கேட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: என்னிடம் சவுண்ட் பிளாஸ்டர் ஏடபிள்யூஇ32 கார்டு இருக்கிறது. அதில் எவ்வளவு ஓசை ஏற்றலாம்?
– வாசகர், குன்னூர்

பதில்: 1994இல் வந்த அந்தக் கார்டின் சொந்த ரேம் 512 கேபி. விநாடிக்கு 44,100 சாம்பிள் என்ற தரத்தில் அது ஆறு விநாடிக்கும் சற்றுக் குறைவான மோனோ ஒலிக்குத்தான் போதும். கார்டில் உள்ள இரண்டு 30 பின் சிம் (பழைய ரேம் தகடு) செருகிகளில் ஒரே அளவுள்ள இணையைப் பொருத்தினால் அதிகபட்சம் 28 எம்பி வரை பயன்படும். பழைய சிம்களைத் தேடி அலைவதற்கு முன், லூப்பை நன்றாகப் போட்டுப் பாருங்கள். குழல் சுரம் ஒன்றுக்கு ஒரு விநாடிப் பதிவே தாராளம்.

கேள்வி: மடிக்கணினியில் இப்படிப்பட்ட கார்டு எதுவும் இல்லை. சவுண்ட்ஃபாண்டுகளைப் பயன்படுத்த முடியாதா?
– கல்லூரி மாணவி, கூடலூர்

பதில்: தாராளமாக முடியும். மதர்போர்டோடு வரும் ஒலிச் சில்லுகளில் சாம்பிளர் இல்லைதான். ஆனால் ஃப்ளூயிட்சிந்த் என்னும் இலவச மென்பொருள் அந்த வேலையைப் பிராசசரைக் கொண்டே செய்துவிடுகிறது. கோத்தகிரி ஆசிரியர் உருவாக்கும் அதே எஸ்எஃப்2 (சவுண்ட்ஃபாண்டு) கோப்பை மாற்றமின்றி அதில் திறக்கலாம். கட்டையை அழுத்தியதும் ஓசை தாமதித்து வந்தால், ஓசை சேர்ந்து காத்திருக்கும் ஆடியோ பஃபரின் அளவை 256 சாம்பிள்களுக்குக் குறைத்துப் பாருங்கள். ஓசை விட்டுவிட்டுக் கேட்டால் 512க்கு ஏற்றிக்கொள்ளுங்கள்.