கடல் முள்ளெலி லார்வா: முதலில் வயிற்றைப் பாருங்கள்
பத்து நாளாகியும் நான்கு கைகள் உள்ள பருவத்தைத் தாண்டாமல் லார்வாக்கள் அடியில் விழுந்து சாகின்றன, மில்லிலிட்டருக்கு 5 லார்வா வீதம் வளர்க்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அது பெரிய நெரிசல். 1 அல்லது அதற்கும் குறைவாக வையுங்கள்.

அப்புறம் நுண்ணோக்கியில் கையையும் வயிற்றையும் சேர்த்துப் பாருங்கள். கை நீண்டு வயிறு சிறுத்திருந்தால் அது பசி. உணவு குறைந்தால் பல இனங்களின் புளூட்டியஸ் (கைகள் முளைத்த இந்த லார்வா) கைகளை நீட்டிக்கொள்ளும், ஏனென்றால் கையோரத்துச் சிலியாப் பட்டைதான் (நுண்மயிர் வரிசை) பாசியைப் பிடிக்கிறது. இந்த உயிரிடம் எனக்கு மிகவும் பிடித்ததே இதுதான். டுனாலியெல்லாவோ ரோடோமோனாஸோ (இரண்டும் நுண்பாசிகள்) கூட்டிக் கொடுங்கள்.

வயிறு நிறைந்திருந்தும் சாகின்றனவா? அப்படியானால் தண்ணீரைத்தான் சந்தேகிப்பேன். இரண்டு மூன்று நாளுக்கொருமுறை நுண்வலை வழியே உறிஞ்சி மாற்றுங்கள், அடியில் கிடப்பவற்றை உடனே அகற்றுங்கள்.