ரைடர் சந்தா கட்டி மாளவில்லை; அரசாங்கத் திட்டம் மட்டும் போதுமா?

வாசகர் கேள்வி: ஐயா, எனக்கு 59 வயது. கணவருக்கு 63. சிங்கப்பூர் ஈசூனில் நான்கறை வீட்டில் இருக்கிறோம். இருவருக்கும் தனியார் மருத்துவமனைக்கான ஒருங்கிணைந்த காப்புறுதித் திட்டமும் அதன்மேல், பில்லில் நம் பங்கை ஏற்கும் துணைக் காப்புறுதியான ரைடரும் உண்டு. எடுத்துப் பத்து வருடத்துக்கு மேலாகிறது. கணவருக்கு நீரிழிவு. மூன்று ஆண்டுக்கு முன் அரசாங்க மருத்துவமனையில் இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். அடுத்த ஆண்டு வேலையை விடப்போகிறார். அவருடைய ரைடருக்கு மட்டும் ஆண்டுக்கு 1,900 வெள்ளி (டாலர்) ரொக்கமாகக் கட்டுகிறோம். புது ரைடருக்கு மாறினால் குறையும் என்கிறார் முகவர். மகனோ, எல்லாவற்றையும் நிறுத்துங்கள், அரசாங்கத் திட்டம் போதும், உண்மையில் அரசாங்கமே முழுச் செலவையும் ஏற்க வேண்டும் என்கிறான். என் அண்ணன், நம் காசு, நம் ரைடர், இதில் சுகாதார அமைச்சு ஏன் தலையிடுகிறது என்று கோபப்படுகிறார். வீட்டில் தினமும் அரசியல் சண்டை. நாங்கள் என்ன செய்வது?

பதில்: அன்புச் சகோதரிக்கு, முதலில் ஒன்று. உங்கள் கணவர் பெயரில் உள்ள எதையும் இப்போதைக்கு ரத்து செய்யாதீர்கள், மாற்றுப் படிவம் எதிலும் கையெழுத்தும் போடாதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

நீங்கள் ஒரே காப்புறுதி என்று கட்டிவருவது மூன்று அடுக்கு. அடியில் இருப்பது, உங்கள் மகன் சொல்லும் அரசாங்கத் திட்டமான மெடிஷீல்டு லைஃப். 2015 நவம்பர் 1 முதல் குடிமக்கள், நிரந்தரவாசிகள் அனைவருக்கும், ஏற்கெனவே நோய் இருந்தாலும், ஆயுள் முழுவதும் உள்ள காப்புறுதி. சந்தாவை முழுக்க, நம் கட்டாய மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவிலிருந்தே கட்டலாம். கட்ட வழியில்லை என்பதற்காக யாருக்கும் இந்தக் காப்புறுதி பறிபோகாது என்று அரசாங்கம் உறுதி கொடுத்திருக்கிறது. ஆனால் அது அரசாங்க மருத்துவமனையின் மானியமுள்ள பி2, சி வகுப்பு வார்டுக் கட்டணத்தை மனத்தில் வைத்து அளந்து தைத்த சட்டை. தனியார் மருத்துவமனைக்கு அது பற்றாது. நடு அடுக்கு, தனியார் நிறுவனம் விற்கும் கூடுதல் காப்புறுதி. உங்கள் வயதில் இதற்கு ஆண்டுக்கு 600 வெள்ளி வரைதான் மெடிசேவிலிருந்து எடுக்கலாம், 70 வயதைத் தாண்டினால் 900. மிச்சம் ரொக்கம். உச்சியில் ரைடர். அது முழுக்க முழுக்க ரொக்கம். வேலையை விட்டபின் கையைக் கடிக்கப்போவது இந்த மேல் இரண்டு அடுக்குகள்தான்.

இனி உங்கள் வீட்டுச் சண்டைக்கு வருகிறேன். இது புதிய சண்டை இல்லை. 1983இல் மெடிசேவ் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை சுகாதார அமைச்சராக இருந்த டாக்டர் தோ சின் சாய், ஆளுங்கட்சிக்காரராக இருந்துகொண்டே அதைக் கடுமையாக விமர்சித்தார். ஆனாலும் 1984இல் மெடிசேவ் வந்தது, 1990இல் மெடிஷீல்டு, 1993இல் ஏழைகளுக்கான மெடிஃபண்ட். இந்தப் பிரிவினையே வேண்டாம், மூன்றையும் எடுத்துவிட்டு அரசாங்கம் நடத்தும் ஒரே நிதியிலிருந்து எல்லாருக்கும் கொடுப்போம் என்று 2012இல் சிங்கப்பூர் ஜனநாயகக் கட்சி ஒரு மாற்றுத் திட்டத்தையே வெளியிட்டது. உங்கள் மகன் பேசுவது அந்த மரபிலிருந்து. அண்ணன் பேசுவது எதிர்முனையிலிருந்து.

பலருக்கு நினைவில் இல்லாத ஒரு செய்தி: உயர்வகுப்புக்கான மெடிஷீல்டு பிளஸ் என்ற திட்டத்தை ஒரு காலத்தில் அரசாங்கமே வைத்திருந்தது. 2005இல் அதை என்டியுசி இன்கம் என்ற காப்புறுதி நிறுவனத்துக்கு மாற்றிக்கொடுத்தது. அடித்தளம் அரசாங்கத்துடையது, மேல்மாடி சந்தையுடையது என்ற ஏற்பாடு அப்போது உறுதிப்பட்டது. மேல்மாடியில் என்ன நடந்தது? பில்லில் முதலில் நாமே கட்ட வேண்டிய கழிவுத்தொகையையும், மிச்சத்தில் நம் விழுக்காட்டுப் பங்கையும் சேர்த்து மூடிவிடும் ரைடர்கள் வந்தன. கையிலிருந்து ஒரு காசும் போகாது என்றால் நோயாளியும் விலை கேட்பதில்லை, மருத்துவரும் யோசிப்பதில்லை. பில் ஏறியது, கிளெய்ம் ஏறியது, சந்தா ஏறியது. தனியார் மருத்துவமனைத் திட்டம் வைத்திருப்போரில், ரைடர் உள்ளவர்கள் கிளெய்ம் செய்யும் வாய்ப்பு ரைடர் இல்லாதவர்களைவிட 1.4 மடங்கு, கிளெய்ம் தொகையும் சராசரியாக 1.4 மடங்கு என்கிறது சுகாதார அமைச்சு. ஆகவே, அண்ணனிடம் நான் சொல்வேன்: ரைடர் உங்கள் காசுதான், ஆனால் அது ஏற்றிவிடும் விலையை ரைடரே இல்லாத அடுத்த படுக்கைக்காரரும் கட்டுகிறார். அமைச்சு தலையிட்டது சரிதான். தாமதமாகத் தலையிட்டது என்பதே என் வருத்தம்.

தலையீடு இரண்டு கட்டமாக வந்தது. 2018இல் புது ரைடர்களில் நோயாளி குறைந்தது 5 விழுக்காடாவது கட்ட வேண்டும் என்றார்கள். போதவில்லை. 2025 நவம்பரில் அமைச்சர் ஓங் யி காங்கின் அமைச்சு அடுத்ததை அறிவித்தது: 2026 ஏப்ரல் 1 முதல் விற்கும் புது ரைடர், குறைந்தபட்சக் கழிவுத்தொகையை மூடக்கூடாது. நோயாளி பங்கின் ஆண்டு உச்சவரம்பும் 3,000 வெள்ளியில் இல்லாமல் குறைந்தது 6,000 ஆக இருக்க வேண்டும். இதனால் புது ரைடரின் சந்தா சராசரியாக 30 விழுக்காடு குறையும் என்பது எதிர்பார்ப்பு. முகவர் சொல்வது இதைத்தான். நீங்கள் முன்பே வைத்திருக்கும் ரைடரை அமைச்சு மாற்றச் சொல்லவில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தனியார் மருத்துவமனையில் 30,000 வெள்ளி பில், கழிவுத்தொகை 3,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுடையது 5 விழுக்காட்டு வகைப் பழைய ரைடர் என்றால் நீங்கள் கட்டுவது 1,500. புது ரைடரில் 3,500, அதற்கு மேல் மிச்சத்தில் 5 விழுக்காடு, ஆக 4,825. ரைடரே இல்லாமல் நடு அடுக்கு மட்டும் இருந்தால், மிச்சத்தில் 10 விழுக்காடு, ஆக 6,150. இதில் ஒரு பகுதியை வரம்புக்குட்பட்டு மெடிசேவிலிருந்து எடுக்கலாம். அப்புறம் பெரிய பில், 150,000 என்று வையுங்கள்: பழையதில் உச்சவரம்பான 3,000, புதியதில் கழிவுத்தொகையும் உச்சவரம்பும் சேர்த்து 9,500, ரைடர் இல்லாவிட்டால் 18,150. உச்சவரம்பு செல்லுபடியாக, நிறுவனத்தின் பட்டியலில் உள்ள மருத்துவரிடம் போக வேண்டும் அல்லது முன்அனுமதி வாங்க வேண்டும்.

1,900 வெள்ளியில் 30 விழுக்காடு குறைந்தால் ஆண்டுக்கு 570 மிச்சம். அந்த 30,000 வெள்ளி பில் ஒருமுறை வந்தாலே நீங்கள் கூடுதலாகக் கட்டுவது 3,325. கிட்டத்தட்ட ஆறு வருட மிச்சம் ஒரே வாரத்தில் போய்விடும். நீரிழிவும் ஸ்டென்டும் உள்ள ஒருவருக்கு இது சின்ன விஷயமில்லை. பழைய ரைடர் இனி விற்பனையில் இல்லை என்பதால், விட்டபின் திரும்பி வரவும் முடியாது. அதற்காகப் பழையதையே பிடித்துக்கொண்டிருங்கள் என்றும் சொல்ல மாட்டேன். நலமாக இருப்பவர்கள் மெல்ல மெல்லப் புதியதற்கு நகர்ந்தால், பழையதில் மிஞ்சுவது பெரும்பாலும் நோயாளிகள். அவர்களின் சந்தா இன்னும் வேகமாக ஏறும் என்பது என் பயம்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது ரைடர் இல்லை. ஸ்டென்ட் வைத்தது அரசாங்க மருத்துவமனையில்! உண்மையான நெருக்கடி வந்தபோது நீங்கள் போன இடம் அது. அப்படியானால் இத்தனை வருடமும் தனியார் மருத்துவமனைக்கென்று கட்டிய பெரும்பணம், நீங்கள் நுழையாத வாசலுக்கான வாடகை.

ஆகவே, உங்கள் கணவருக்கு நான் சொல்வது: அதே நிறுவனத்திலேயே நடு அடுக்கை ஒரு படி இறக்குங்கள். அரசாங்க மருத்துவமனை ஏ வகுப்பு அல்லது பி1 வகுப்புத் திட்டத்துக்கு. அதே நிறுவனத்தில் கீழே இறங்க வழக்கமாகப் புதிதாக உடல்நல விவரம் கேட்பதில்லை. மேலே ஏறவோ வேறு நிறுவனத்துக்குப் போகவோ கேட்டால் கேட்பார்கள், அப்போது நீரிழிவையும் இதயத்தையும் விலக்கிவைத்துவிடலாம், அல்லது விண்ணப்பத்தையே மறுக்கலாம். எதையும் ரத்து செய்யாதீர்கள் என்றது இதனால்தான். அரசாங்கம் மேல்மாடியில் இன்னும் செய்யாத வேலையும் இதுதான் என்று நினைக்கிறேன். பத்து வருடம் ஒழுங்காகச் சந்தா கட்டிய ஒருவர், நோய் வந்துவிட்டதாலேயே ஒரு நிறுவனத்துக்குள் அடைபட்டுக் கிடக்கக்கூடாது. சம அளவுள்ள திட்டத்துக்கு மாற உடல்நலக் கேள்வி கேட்கக்கூடாது என்று விதி வர வேண்டும். உங்கள் தொகுதி உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குப் போனால் இதைக் கேளுங்கள். நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மகன் சொல்வதுபோல் அடித்தளம் மட்டும் போதுமா? பி2, சி வகுப்பில் தங்க மனமிருந்தால் போதும். அந்த அடித்தளம் பலப்பட்டும் வருகிறது. 2025 ஏப்ரலில் ஆண்டுக் கிளெய்ம் வரம்பு 150,000 வெள்ளியிலிருந்து 200,000 ஆனது. அதற்கு விலையும் உண்டு: மூன்று ஆண்டுகளில் சந்தா சராசரியாக 35 விழுக்காடு ஏறுகிறது, அரசாங்கம் 4.1 பில்லியன் வெள்ளி ஆதரவு தருகிறது. நிபுணரைப் பார்க்கப் போகும்போது பலதுறை மருந்தகத்திலிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு போங்கள், மானியக் கட்டணம் கிடைக்கும். நேராக மானியமில்லாத நோயாளியாகப் பதிந்துவிட்டு பிறகு பில்லைப் பார்த்துக் கலங்குபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கு, உடல்நலக் குறை எதுவும் எழுதவில்லை என்பதால், புது ரைடர் பொருந்தும். மெடிசேவில் நல்ல இருப்பு இருந்தால் ரைடர் இல்லாமலும் சமாளிக்கலாம்.

நிறுவனத்திடம் மூன்று கேள்விகளை மின்னஞ்சலில் கேளுங்கள், வாய்மொழி வேண்டாம். கணவருக்கு நடு அடுக்கை இறக்கினால் ரைடர் பழைய விதியிலேயே தொடருமா, புது விதிக்கு மாறிவிடுமா? இறக்கும்போது உடல்நலக் கேள்வி உண்டா? 65, 70, 75 வயதில் இப்போதைய அட்டவணைப்படி சந்தா எவ்வளவு? அவர் வேலை செய்யும் இடத்தில் குழுக் காப்புறுதி இருந்தால், ஓய்வுக்குப் பின் அதைத் தொடர முடியுமா என்று அங்கேயும் விசாரியுங்கள். பதில்கள் எழுத்தில் வந்தபின் முகவரை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். அன்றைக்கு மகனும் அண்ணனும் கூட இருக்கட்டும்.