டாக்டர் ஏன் அப்பா கழுத்தையே பாத்துட்டு இருந்தாரு?

கேள்வி: அப்பாவுக்கு 66 வயசு. ஒரு மாசமா படி ஏறினா மூச்சு வாங்குது, சாயங்காலம் ஆனா செருப்பு டைட்டாகுதுன்னு காட்டப் போனோம். டாக்டர் கட்டில்ல பாதி சாய்ச்சுப் படுக்க வச்சு, டார்ச் அடிச்சு வலது பக்கக் கழுத்தையே பாத்தாரு, வயித்த அமுக்கிட்டு மறுபடியும் பாத்தாரு. ‘கழுத்துல பிரஷர் ஏறியிருக்கு, எக்கோ எடுங்க’ன்னுட்டாரு. ஆனா பிபி 130/80 தான். அதுலேருந்து அம்மா தினமும் அப்பா கழுத்தத் தொட்டுப் பாத்துட்டு ‘துடிக்குதுடா’ன்னு அழறாங்க. எனக்கும் சத்தமா பேசினா கழுத்து நரம்பு புடைக்குது. பயமா இருக்கு.
- வாசகர், திருமங்கலம்

பதில்: மொதல்ல அம்மாவ அழ வேணாம்னு சொல்லுங்க. அவங்க கைக்குத் துடிக்கிறது தமனி, அதாவது இதயத்துலேருந்து ரத்தத்த வெளிய கொண்டு போற குழாய், அது எல்லாருக்கும் துடிக்கும், துடிக்கலேன்னாதான் கவலை. டாக்டர் பாத்தது பக்கத்துல போற சிரைய, அதாவது ரத்தத்த இதயத்துக்குத் திருப்பிக் கொண்டு வர்ற குழாய. (நாம எல்லாத்தையும் நரம்புன்னே சொல்லிப் பழகிட்டோம்.) அதோட துடிப்பு பெரும்பாலும் கைக்குத் தட்டாது, கண்ணுக்குத்தான் தெரியும், ஒரு நாடித்துடிப்புக்கு ரெண்டு தடவ லேசா அலையடிக்கும், மூச்ச இழுத்தா கொஞ்சம் கீழ இறங்கும். அதுக்குத்தான் டார்ச்சு.

வீடு கட்டுறப்போ கொத்தனார் டியூப்ல தண்ணி ஊத்தி மட்டம் பாப்பாருல்ல, அந்த டியூப் வேலையத்தான் இந்த சிரை செய்யுது. வலது பக்கத்துல இது கிட்டத்தட்ட நேரா இதயத்தோட வலது மேலறைக்கு இறங்குது, அதனால அங்க பிரஷர் ஏறினா இங்க ரத்த மட்டம் ஏறும். தொண்டைக்குழியிலேருந்து விரல நெஞ்செலும்பு மேலயே கீழ இறக்கினா ஒரு மேடு தட்டும், 45 டிகிரி சாஞ்சிருக்கும்போது அந்த மேட்டுலேருந்து செங்குத்தா 3, 4 செ.மீ.க்கு மேல அலையடிச்சா ஏறியிருக்குன்னு அர்த்தம். இந்த மேட்டுலேருந்து அளக்கிற வழி 1930லயே தாமஸ் லூயிஸ்ங்கிற பிரிட்டிஷ் டாக்டர் சொன்னது, இன்னிக்கும் ஒரு ஸ்கேலும் கண்ணும் போதும்.

வயித்த அமுக்கினதும் இதுக்குத்தான். பத்துப் பதினஞ்சு செகண்ட் அமுக்கினா வயித்துல இருக்குற ரத்தம் மேல தள்ளப்படும், தெம்பான இதயம் அத சமாளிச்சுடும், மட்டம் உடனே இறங்கிடும், முடியாத இதயம்னா அமுக்குற வரைக்கும் ஏறியே நிக்கும்.

கையில பாக்குற பிபி தமனியோடது, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் கம்மி, அது 130/80 இருக்கறப்பவே இது ஏறி நிக்கலாம். மூச்சு வாங்குது, கால் வீங்குது, மட்டமும் ஏறியிருக்குன்னா இதயம் பம்ப் பண்றது பலவீனமாயிருக்கலாம், ஆனா நாள்பட்ட நுரையீரல் வியாதி, இதயத்த சுத்தி நீர் கோத்துக்கறது, கிட்னி தண்ணிய வெளியேத்தாம விடறது இதுலயும் ஏறும். எதுன்னு கழுத்து சொல்லாது, இதயத்த ஸ்கேன் பண்ணிப் பாக்குற எக்கோதான் சொல்லும், தள்ளிப் போடாதீங்க.

உங்களுக்குப் புடைக்கிறது வேற, தோலுக்கு அடியிலேயே ஓடுற வெளிச்சிரை. கத்தினாலோ முக்கினாலோ நெஞ்சுக்குள்ள அழுத்தம் ஏறி எல்லாருக்கும் புடைக்கும், நாதஸ்வரம் வாசிக்கிறவங்க கழுத்தப் பாத்ததில்லையா. நிமிந்து சும்மா உக்காந்திருக்கும்போதே புடைச்சு நின்னா மட்டும் காட்டுங்க.

அம்மாவுக்கு வேற வேலை குடுங்க. காலையில பாத்ரூம் போயிட்டு வந்ததும், சாப்பிடறதுக்கு முன்னாடி, அப்பாவ எடை மெஷின்ல ஏத்தி காலண்டர்ல எழுதி வைக்கட்டும். ரெண்டு மூணு நாள்ல 2 கிலோ ஏறினாலோ, தலைகாணி ஒண்ணு போதாம மூணு கேட்டாலோ அன்னிக்கே டாக்டருக்கு போன் பண்ணுங்க. படுக்கவே முடியாம மூச்சு திணறினா போன்லாம் வேணாம், 108தான்.