பில்லி வைல்டர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஹாலிவுட்டில் திரைக்கதை எழுத்தாளராகப் பெயர் வாங்கிய பில்லி வைல்டர் ஏன் படம் இயக்க வந்தார்?

பதில்: எழுதியதைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். 1906-இல் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில், இன்று போலந்தில் இருக்கும் சூஹா என்ற சிற்றூரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். வியன்னாவில் நிருபர், பெர்லினில் திரைக்கதை ஆசிரியர். 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் பாரிசுக்குத் தப்பினார். அடுத்த ஆண்டு அமெரிக்கா போனார். ஐரோப்பாவிலேயே இருந்துவிட்ட தாயை நாஜிகள் கொன்றார்கள்.

விசாவுக்காக மெக்சிகோ எல்லையில் காத்துக் கிடந்தவர் அவர். அந்த அனுபவத்தை ‘ஹோல்ட் பேக் த டான்’ (1941) திரைக்கதையில் வைத்தார். எல்லை ஊர் ஓட்டலில் சிக்கிக்கொண்ட நாயகன், சுவரில் ஏறும் கரப்பான்பூச்சியைக் குச்சியால் மறித்து, அதிகாரி போல விசா கேட்க வேண்டும். பூச்சியோடு பேசுவதாவது என்று நடிகர் சார்ல்ஸ் புவாயே மறுத்தார். இயக்குநர் மிட்செல் லைசனும் விட்டுக்கொடுத்தார். நாயகனின் அவமானம் முழுவதையும் சொல்லியிருக்கக்கூடிய காட்சி அப்படியே போயிற்று. அடுத்த ஆண்டே ‘த மேஜர் அண்ட் த மைனர்’ படத்தை வைல்டர் தாமே இயக்கினார்.

அப்போதிருந்து எடிட்டர் டோன் ஹாரிசனைப் படப்பிடிப்பிலேயே பக்கத்தில் வைத்துக்கொண்டு, தேவையான ஷாட்டை மட்டும் எடுத்தார். எல்லாக் கோணத்திலும் எடுத்துக் குவித்தால், ஸ்டூடியோக்காரர்கள் அதை வெட்டி ஒட்டி வேறு படமாக்கிவிட முடியும். எடுக்காத ஷாட்டை யாராலும் செருக முடியாது. குறும்படம் எடுப்பவர்கள் இதைப் பின்பற்றுவதானால், எந்த ஷாட் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதைத் தாளில் எழுதி முடித்த பிறகே கேமராவைத் தொடவேண்டும். இல்லையென்றால் ஒரு ஷாட்டில் இருக்கும் பார்வைத் திசையும் கையசைவும் அடுத்த ஷாட்டோடு ஒட்டாமல் போகும். சமாளிக்க மாற்று ஷாட்டும் இருக்காது.

கேள்வி: ‘சன்செட் பூலவர்ட்’ (1950) தொடக்கத்தில் நீச்சல் குளத்தில் மிதக்கும் பிணத்தைக் கீழேயிருந்து எப்படி எடுத்தார்கள்?

பதில்: கேமரா தண்ணீருக்குள் போகவே இல்லை. தண்ணீர்த் தொட்டிக்குள் அடித்தரையில் முகம் பார்க்கும் பெரிய கண்ணாடியைக் கிடத்தி, மேலேயிருந்து அதைக் குறிவைத்துப் படம்பிடித்தார்கள். மிதப்பவரின் முகமும், கரையில் நிற்கும் போலீஸ்காரர்களும் அந்தப் பிம்பத்தில் விழுந்தார்கள். தண்ணீர் தெளிவாகவும் அசையாமலும் இருக்க வேண்டும். சிறு அலை எழுந்தாலும் முகம் நெளிந்து கலைந்துவிடும்.

உண்மையில் இது இரண்டாவது தொடக்கம். முதலில் எடுத்தது பிணவறைக் காட்சி. அங்கே கிடக்கும் பிணங்கள் ஒன்றோடொன்று பேசும். இல்லினாய் மாநிலம் எவன்ஸ்டனில் முன்னோட்டமாகத் திரையிட்டபோது பார்வையாளர்கள் சிரித்துவிட்டார்கள். தொடக்கத்திலேயே சிரித்தவர்களை அந்தச் சோகக் கதைக்குள் திருப்பிக் கொண்டுவருவது கடினம். வைல்டர் காட்சியைத் தூக்கிவிட்டார். இறந்தவனே கதை சொல்லும் உத்தியை மட்டும் வைத்துக்கொண்டார்.

கேள்வி: ‘தி அபார்ட்மெண்ட்’ (1960) படத்தில் மேசைகள் கண்ணுக்கெட்டிய தூரம் போகும் அந்த அலுவலகம் உண்மையா?

பதில்: செட்தான். கலை இயக்குநர் அலெக்சாண்டர் ட்ரோனர், புடாபெஸ்ட்காரர். முன்வரிசைகளில் முழு அளவு மேசைகள், உயரமான ஆட்கள். பின்னால் போகப்போக மேசையும் சிறுக்கும், ஆளும் சிறுப்பார். கடைசிப் பகுதியில் குட்டி மேசைகளில் சிறுவர்களைக்கூட உட்காரவைத்தார்கள். ட்ரோனருக்கு ஆஸ்கர் கிடைத்தது நியாயமே.

இதைச் சிறிய அளவில் நீங்களும் செய்யலாம். முதலில் கேமராவையும் லென்ஸையும் ஓரிடத்தில் நிலைநிறுத்துங்கள். அதன் வழியே பார்த்துப் பார்த்தே ஒவ்வொரு மேசையையும் வையுங்கள். மேசைகளின் கோடும் கூரை விளக்குகளின் கோடும் ஒரே புள்ளியை நோக்கி ஓடவேண்டும். கேமரா பக்கவாட்டில் நகர்ந்தால் குட்டு வெளிப்படும். முன்னே நிற்பவர் பின்னால் நடந்து போகவே கூடாது. போனால் குட்டி மேசைகளுக்கு நடுவே பூதம் போலத் தெரிவார். முன்வரிசையும் பின்வரிசையும் ஒருசேரத் தெளிவாக விழ அப்பர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி நுழையும் திறப்பை, குறைக்க வேண்டும். அதற்கு வெளிச்சம் நிறையத் தேவை.

கேள்வி: வசனத்தில் விளக்காமல் நாயகனுக்கு ஓர் உண்மையைத் தெரியவைப்பது எப்படி?

பதில்: அதே படத்தில் விடை இருக்கிறது. மேலதிகாரியின் கள்ள உறவுக்குத் தன் வீட்டுச் சாவியைக் கொடுப்பவன் பாக்ஸ்டர். யாரோ ஒரு பெண் அங்கே விட்டுப்போன பவுடர் டப்பாவை மேலதிகாரியிடம் திருப்பிக் கொடுக்கிறான். அதற்குள் இருக்கும் கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறது. பிறகு, கிறிஸ்துமஸ் விருந்தன்று, பாக்ஸ்டர் தன் புதுத் தொப்பி எப்படி இருக்கிறது என்று பார்க்க, அவன் விரும்பும் ஃப்ரான் தன் டப்பாவை நீட்டுகிறாள். அதே விரிசல். அதில் அவன் முகமே இரண்டாகத் தெரிகிறது. யாரும் எதையும் விளக்கவில்லை.

முதல் முறை அந்த டப்பாவைப் போகிற போக்கில் காட்டியதுதான் சாமர்த்தியம். அங்கேயே அழுத்திக் காட்டியிருந்தால் நாம் முன்கூட்டியே ஊகித்திருப்போம். காட்டாமலே விட்டிருந்தால் விருந்துக் காட்சி புரிந்திருக்காது. இரண்டு காட்சிக்கும் நடுவே, பொருள் மறக்காத அளவுக்கு மட்டும் இடைவெளி விடுங்கள்.

கேள்வி: மொத்தம் எத்தனை ஆஸ்கர்? எந்தப் படத்திலிருந்து பார்க்கலாம்?

பதில்: போட்டிப் பிரிவில் ஆறு, அவற்றில் மூன்று ‘தி அபார்ட்மெண்ட்’ படத்துக்கு மட்டும். முதலில் ‘டபுள் இண்டெம்னிட்டி’ (1944) பாருங்கள், அடுத்து ‘சன்செட் பூலவர்ட்’. இரண்டிலும் முடிவு தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். ஆனாலும் எழுந்து போக முடியாது. ‘சம் லைக் இட் ஹாட்’ (1959) படத்தைக் கூட்டத்தோடு பாருங்கள்.